தாவர உலகைக் கணக்கிட்ட லின்னேயஸ்

நாட்டிலுள்ள குடிகளை எண்ணிக் கணக்கெழுதுவது அரசினரின் கருமம். கடல்வழி வந்து சேரும் சரக்கை எண்ணிக் கணக்கெழுதுவது வணிகரின் கருமம். மண்ணிலே முளைத்துத் தழைத்துப் பூத்துக் காய்க்கும் புல் பூண்டு செடி கொடி மரங்கள் எத்தனை இனங்கள், அவ்வினங்கள் எத்தனை கூட்டங்களுள் அடங்கும் என்று கணக்கெழுதுவது யாருடைய கருமம்? பதினெட்டாம் நூற்றாண்டிலே சுவீடன் தேசத்தில் வாழ்ந்த ஒருவர் அதனைத் தம்முடைய கருமமென்று மேற்கொண்டார். உலகத்துத் தாவரங்கள் யாவற்றையும் ஒரே ஏட்டில் அடக்கிவிடலாம் என்று அவர் நம்பினார். அவற்றின் தொகை இவ்வளவே என்று ஓர் எண்ணையும் துணிந்து கூறினார். அவர் கூறிய எண் தவறாயிற்று. ஆயினும் அவ்வெண்ணைக் காண்பதற்கென அவர் அமைத்த முறை இன்றும் உலகெங்கும் நின்று வழங்குகின்றது. இவ்விரண்டும் ஒருவர் வாழ்விலே எவ்வாறு பொருந்தின என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமை

கார்ல் லின்னேயஸ் 1707ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் தேதி சுவீடனின் தென்பகுதியிலுள்ள ஸ்மாலண்ட் மாகாணத்தில் ரோஸ்ஹுல்ட் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் நீல்ஸ் கிறித்துவ தேவாலயமொன்றின் துணைக் குருவாயிருந்தவர். பின்னர் அயலூரான ஸ்டென்புரோஹுல்டில் தலைமைக் குருவானார். அக்காலத்துச் சுவீடனிற் குடியானவர்க்குக் குடும்பப் பெயர் வைத்துக் கொள்ளும் வழக்கமில்லை. நீல்ஸ் சர்வகலாசாலையிற் சேர்ந்தபோது ஒரு குடும்பப் பெயர் வேண்டியதாயிற்று. தம் குலத்தாருடைய நிலத்தில் நின்ற பெரியதொரு லிண்டன் மரத்தை நினைந்து, லின்னேயஸ் என்னும் பெயரை அவர் புனைந்துகொண்டார். ஆயிரக்கணக்கான மரங்களுக்குப் பெயரிடவிருந்தவருக்கு ஒரு மரமே பெயர் கொடுத்தது எனலாம்.

தந்தையார்க்குத் தோட்டத்திற் பேரவா. அழும் குழந்தையின் கையில் ஒரு பூவைக் கொடுத்தால் அழுகை அடங்கிவிடும் என்று அவ்வீட்டார் கூறுவராம். சிறுவன் சற்றே வளர்ந்ததும் ஒவ்வொரு செடியின் பெயரையும் கேட்பதும், கேட்டதை மறப்பதும், மீண்டும் கேட்பதுமாக இருந்தான். இனிப் பெயர்களை மறந்தால் ஒன்றும் சொல்லித் தரப்படமாட்டாது என்று தந்தையார் கண்டித்தார். அன்றுமுதல் பெயர்களை நினைவில் நிறுத்துவதே அவனுடைய முழுமுயற்சியாயிற்று.

வெக்‌ஷோ நகரப் பாடசாலையில் அவன் பெயர் பெறவில்லை. குருத்தொழிலுக்கு ஆயத்தமாக்கும் பாடங்களில் மனம் செல்லாமல், வயல்வெளிகளிற் செடி தேடித் திரிந்தான். இவனைப் படிக்கவைப்பது வீண், ஏதேனுமொரு கைத்தொழிலிற் சேர்ப்பதே நன்று என்று ஆசிரியர்கள் தந்தைக்குக் கூறினர். அவ்வேளை அப்பாடசாலையிற் கற்பித்த ரொத்மன் என்னும் வைத்தியர் குறுக்கிட்டார். பையனைத் தம் வீட்டில் வைத்து வைத்தியமும் தாவரநூலும் கற்பித்தார். ஆசிரியர் ஒருவரின் கண் சரியான மாணவன்மீது விழாதிருந்தால் ஒரு பெரும் விஞ்ஞானியை உலகம் இழந்திருக்கும்.

உப்சாலாவில்

1727இல் லுண்ட் சர்வகலாசாலையிற் சேர்ந்த லின்னேயஸ் மறுவருடம் உப்சாலாவுக்குச் சென்றார். கையிற் பொருளில்லை. தேய்ந்த சப்பாத்துக்குள் காகிதத்தை மடித்து வைத்து நடந்தார் என்பர். 1729இல் சர்வகலாசாலைத் தோட்டத்தில் அவர் பூக்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஓலோப் செல்சியஸ் என்னும் முதிய பேராசிரியர் அவ்வழி வந்தார். செடிகளைப்பற்றி அவர் தொடுத்த வினாக்களுக்கெல்லாம் மாணவர் தயங்காமல் விடை கூறினார். அன்றுமுதல் அவருக்கு உணவுக்கும் உறையுளுக்கும் குறைவில்லாதாயிற்று. வெப்பமானிக்குத் தம் பெயரை அளித்த அண்டர்ஸ் செல்சியஸ் இம்முதியவரின் உறவினரே.

உப்சாலாவிலே பீட்டர் ஆர்ட்டெடி என்னும் மாணவர் லின்னேயஸின் உயிர்த்தோழரானார். படைப்பு முழுவதையும் ஒழுங்குபடுத்த வேண்டும் என்னும் அவா இருவர்க்கும் பொதுவாயிருந்தது. இருவரும் இயற்கையைத் தமக்குள்ளே பங்கிட்டுக்கொண்டனர். மீன்கள் ஆர்ட்டெடியின் பங்கு. தாவரங்கள் லின்னேயஸின் பங்கு. ஒருவர் முந்தி இறப்பின் மற்றவர் அவருடைய வேலையை முடிக்கவேண்டும் என்றும் உடன்பட்டனர். 1735இல் அம்ஸ்டர்டாம் நகரக் கால்வாயில் ஆர்ட்டெடி தவறி வீழ்ந்து மாண்டார். லின்னேயஸ் வாக்குத் தவறாமல் தோழரின் மீன்நூலை 1738இல் அச்சேற்றினார்.

1732இல் லின்னேயஸ் தனியாக லாப்லாந்து எனப்படும் வடகோடிக்குச் சென்று, பனியும் சேறும் பட்டினியும் பாராமல் ஐந்து திங்கள் அலைந்து செடிகளைச் சேர்த்து மீண்டார். ஒரு நாட்டின் தாவரங்களை நேரிற் கண்டு எண்ணும் பயிற்சி அப்பயணத்திலே அவருக்கு வாய்த்தது.

ஒல்லாந்தில் மூன்றாண்டு

வைத்தியப் பட்டம் பெறுவதற்காக 1735இல் அவர் ஒல்லாந்து சென்றார். ஹார்டர்வைக் நகரிற் சில நாட்களுக்குள் பட்டம் கிடைத்தது. அவ்வாண்டே லெய்டன் நகரில் அவருடைய ‘இயற்கையின் ஒழுங்கமைப்பு’ என்னும் நூல் வெளிவந்தது. பன்னிரண்டளவான பெரிய பக்கங்களே கொண்ட அந்நூலிற் கல், செடி, விலங்கு ஆகிய மூன்று இராச்சியங்களும் அட்டவணைகளாக அடுக்கப்பட்டிருந்தன. இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவர் படைப்பு முழுவதையும் சில தாள்களில் மடித்து வைத்தார்.

அம்ஸ்டர்டாமிலே யொஹானஸ் பர்மன் என்னும் பேராசிரியர் அப்பொழுது இலங்கைத் தாவரங்களைப் பற்றி நூலொன்று எழுதிக்கொண்டிருந்தார். லின்னேயஸ் அவர் வீட்டிற் தங்கி அவருக்குத் துணைபுரிந்தார். இலங்கையின் செடிகொடிகளோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது அங்கேதான். அந்நாளில் ஜோர்ஜ் கிளிபர்ட் என்னும் பெருஞ் செல்வர் தமது ஹார்டெகாம்ப் மாளிகைத் தோட்டத்தைக் கவனிக்க லின்னேயஸை அமர்த்த விரும்பினார். விருந்தினரை விட்டுக்கொடுக்கப் பர்மனுக்கு மனமில்லை. கிளிபர்ட்டின் நூல்நிலையத்தில் ஜமேக்கா நாட்டு இயற்கை வரலாறு பற்றிய அரிய நூலொன்று இரண்டு பிரதிகள் இருக்கக் கண்டு பர்மன் ஆசைப்பட்டார். ஒரு பிரதி கைமாறியது, லின்னேயஸும் கைமாறினார்.

ஹார்டெகாம்பின் கண்ணாடி வீடுகளில் வெப்பநாட்டுச் செடிகள் பல வளர்ந்தன. ஒல்லாந்தில் அரிதாகவிருந்த வாழையைப் பூக்கவும் காய்க்கவும் செய்து, அதுபற்றி 1736இல் அவர் ஒரு சிறுநூல் எழுதினார். நமது வீட்டுக் கோடியில் நிற்கும் வாழைக்கு அங்கு அத்துணை மதிப்பு! 1737இல் ‘தாவரச் சாதிகள்’ என்னும் நூல் வெளிவந்தது. அதில் 935 சாதிகள் வரையறுக்கப்பட்டன. ஒத்த பூவும் காயுமுடைய பல இனங்கள் சேர்ந்தது ஒரு சாதி. கத்தரியும் உருளைக்கிழங்கும் வெவ்வேறு இனங்கள். ஆயினும் ஒரே சாதி. இதுவே அவர் கணக்கின் அடிப்படை.

இருபத்துநான்கு வகுப்புக்கள்

இனங்களைச் சாதிகளாகவும் சாதிகளை வருணங்களாகவும் வருணங்களை வகுப்புக்களாகவும் அடுக்குவது அவர் முறை. இவ்வகுப்புக்களைப் பிரித்தறிவதற்கு அவர் கொண்ட அடையாளம் மிக எளியது. பூவிலே மகரந்தத்தைத் தாங்கும் ஆண் உறுப்பாகிய கேசரங்களை எண்ணுதல் வேண்டும். ஒரு கேசரமுள்ளவை முதல் வகுப்பு. இரண்டுள்ளவை இரண்டாம் வகுப்பு. இவ்வாறே பத்துவரை செல்லும். அதன்மேற் கேசரங்களின் மிகுதி, நீளவேறுபாடு, ஒட்டியிருக்கும் விதம், ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே நிற்றல் முதலியவற்றால் ஏனைய வகுப்புக்கள் அமையும். பூ வெளிப்படாத பன்னம், பாசி, காளான் முதலியன இறுதியான இருபத்துநான்காம் வகுப்பு. பத்துவரை எண்ணத் தெரிந்த எவரும் கையில் ஒரு பூவையும் லின்னேயஸின் நூலையும் வைத்துக்கொண்டு, அச்செடியின் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். கற்றவர்க்கே உரியதாயிருந்த தாவரநூல் இதனாற் பலர்க்கும் உரியதாயிற்று.

எதிர்ப்பும் எழுந்தது. ஒரே பூவிலே பல ஆண் உறுப்புக்கள் ஒரு பெண் உறுப்புடன் வாழ்கின்றன எனக் கூறுவது ஒழுக்கக்கேடு என்று சீகஸ்பெக் என்பவர் சாடினார். லின்னேயஸ் அவர் பெயரை ஒரு சிறு களைச்செடிக்குச் சூட்டியிருந்தார். அப்பெயர் இன்றும் வழங்குகின்றது.

இம்முறையின் உண்மையான குறையை எதிரிகளிலும் நன்கு உணர்ந்தவர் அவரே. நெற்பூவுக்கு ஆறு கேசரங்கள். கோதுமைப் பூவுக்கு மூன்று. ஆகவே இரண்டும் புல்லேயாயினும், கோதுமை மூன்றாம் வகுப்பிலும் நெல் ஆறாம் வகுப்பிலும் இடம்பெற்றன. ஆறு கேசரமுடைய கார்த்திகைப்பூவோ நெல்லுடன் ஒரே வகுப்பில் வந்து சேர்ந்தது. உறவினர் பிரிந்தனர்; அயலார் கூடினர். இது தேடுவோர்க்கு உதவும் செயற்கைமுறையே என்றும், செடிகளின் மெய்யான உறவைக் காட்டும் இயற்கைமுறையைக் காண்பதே தாவரநூலின் இறுதி நோக்கம் என்றும் அவர் கருதினார். அவ்வியற்கைக் கூட்டங்கள் எத்தனை? 1738இல் 65 என்றார். 1751இல் 68 ஆக்கினார். 1764இல் 58 ஆகக் குறைத்தார். இருபத்துநான்கு என்னும் செயற்கைத் தொகை மாறாமல் நிற்க, இயற்கைத் தொகை அவர் கையில் அடங்காமல் ஏறியும் இறங்கியும் நின்றது. தம் சொந்தக் கணக்கைத் திருத்திக்கொண்டே வந்த அவ்வுழைப்பில் அவருடைய நேர்மை விளங்குகின்றது.

இலங்கைச் செடிகள்

1738இற் சுவீடனுக்கு மீண்ட லின்னேயஸ் ஸ்டொக்ஹோமில் வைத்தியஞ் செய்தார். 1739இல் அங்கு விஞ்ஞானக் கழகம் நிறுவப்பட்டபோது அதன் முதல் தலைவரானார். அவ்வாண்டே சாரா எலிசபெத்தை மணந்தார். 1741இல் உப்சாலாவிற் பேராசிரியர் பதவி கிடைத்தது. அதன்பின் தாய்நாட்டைவிட்டு அவர் வெளியே செல்லவில்லை. உலகம் அவரைத் தேடி வந்தது.

அவ்வாறு வந்தவற்றுள் நமக்கு நெருங்கியது ஒன்று உண்டு. ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரத்தை ஆண்டபொழுது, கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியராகப் போல் ஹெர்மன் என்பவர் 1672இல் இங்கு வந்தார். இந்நாட்டுச் செடிகளைப் பறித்து, உலர்த்தி, ஏடுகளில் ஒட்டி, அவற்றின் உள்ளூர்ப் பெயர்களையும் குறித்துச் சேர்த்து, பின்னர் லெய்டனிற் பேராசிரியரானார். 1695இல் அவர் இறந்தபின், உலர்ந்த செடிகளைக் கொண்ட நான்கு தொகுதிகளும் சித்திரத் தொகுதி ஒன்றும் இருந்த இடம் தெரியாமற் போயின. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளின் பின் கோப்பன்ஹேகனில் ஔகுஸ்ட் குந்தர் என்னும் மருந்தாளரின் கைக்கு அவை வந்தன. இவை யாருடையவை என அறியவேண்டி அவர் லின்னேயஸுக்கு அனுப்பினார். தொகுதிகளைத் திறந்தவுடனே இவை காணாமற்போன ஹெர்மனின் ஏடுகளே என்று லின்னேயஸ் கண்டுகொண்டார்.

இரவுபகலாக அவற்றை ஆராய்ந்து, ஒவ்வொரு செடிக்கும் இலக்கமிட்டு, 1747இல் ‘இலங்கைத் தாவரங்கள்’ என்னும் இலத்தீன் நூலை வெளியிட்டார். அறுநூற்றைம்பதுக்கு மேற்பட்ட செடிகள் அதில் இடம்பெற்றன. கறுவாவும் நாகமரமும் கார்த்திகைப்பூவும், அவற்றை உயிருடன் இத்தீவிற் கண்டறியாத ஒருவரால், பனிநாட்டிலே ஒரு மேசையின்மீது வைத்து வகுக்கப்பட்டன. வெப்பநாட்டுத் தாவரங்களின் பெருக்கத்தை அவருக்குக் காட்டிய சாளரங்களுள் இலங்கை ஒன்று. அச்சாளரம் எவ்வளவு சிறியது என்பதை மாத்திரம் அவர் உணரவில்லை. கரையோரத்தில், அதுவும் பெரும்பாலும் கொழும்பைச் சூழ, ஒருவர் சில ஆண்டுகளிற் சேர்த்தவை அவை. மத்திய மலைநாட்டின் காடுகள் அவ்வேடுகளுக்குள் வரவில்லை.

இருசொற் பெயர்

எண்ணுதற்கு முன் பெயர் வேண்டும். ஒன்றுக்கு நான்கு பெயர் இருந்தால் ஒன்று நான்காக எண்ணப்படும். நான்குக்கு ஒரே பெயர் இருந்தால் நான்கும் ஒன்றாகிவிடும். லின்னேயஸுக்கு முற்பட்ட நூல்களின் நிலை இதுவே. பௌஹின் 1623இல் ஏறக்குறைய 6,000 செடிகளைப் பட்டியலிட்டார். பிரான்சியரான தூர்னபோர் 1700இல் 698 சாதிகளுள் 10,146 இனங்களை அடக்கினார். இங்கிலாந்தினரான ஜோன் ரே மூன்று பெருந்தொகுதிகளில் 18,000க்கு மேற்பட்டவற்றை விவரித்தார். இத்தொகைகளுள் தோட்டக்காரர் வளர்த்த நிறவேறுபாடுகளும் இதழ்ப்பெருக்கங்களும் தனித்தனி இனங்களாகப் புகுந்திருந்தன. செம்மலர் ஒன்று, வெண்மலர் ஒன்று, அடுக்குமலர் ஒன்று எனப் பட்டியல் நீண்டது. மண்ணாலும் காலநிலையாலும் வரும் இம்மாற்றங்கள் இனவேறுபாடல்ல என்று லின்னேயஸ் அவற்றைக் களைந்தெறிந்தார்.

பெயர்களோ பெயர்களாக இல்லை. நீண்ட வருணனைகளாக இருந்தன. தக்காளியைக் குறிக்க, முள்ளில்லாத மென்தண்டும் பிளவுற்ற சிறகிலைகளும் தனிக்கொத்தாகிய பூக்களும் உடையது என்றெல்லாம் சொல்லித் தீரவேண்டும். புதியதோர் இனம் கண்டுபிடிக்கப்படுந்தோறும், பழையதிலிருந்து அதனைப் பிரித்துக் காட்டுவதற்கு இரண்டின் வருணனையும் நீளும். லின்னேயஸ் ஒவ்வோர் இனத்துக்கும் இரண்டே சொற்களாலான பெயரை வழங்கினார். முதற்சொல் சாதியைக் கூறும். அடுத்த சொல் இனத்தைப் பிரிக்கும். வருணனை நூலிலே நிற்க, பெயர் நாவிலே நிற்கும். இரு சொல் வைக்கும் வழக்கம் அவர்க்கு முன்னரும் ஆங்காங்கே இருந்ததுண்டு. ஆனால் தாவர உலகம் முழுவதற்கும் விலக்கின்றி அதனைச் செய்துமுடித்தவர் அவரே.

பதினாயிரம் என்னும் தொகை

இம்முயற்சியின் முடிவே 1753இல் இரு தொகுதிகளாக வெளிவந்த ‘தாவர இனங்கள்’ என்னும் பெருநூல். 1746இல் தொடங்கி, இடையிற் சோர்ந்து நிறுத்தி, 1751இல் மீண்டும் எடுத்து, அடுத்த ஆண்டில் அதனை எழுதிமுடித்தார். ஏறக்குறைய 1,200 பக்கங்கள். ஏறக்குறைய 1,100 சாதிகள். ஏறக்குறைய 5,900 இனங்கள். அன்றைய ஐரோப்பிய அறிஞர் அறிந்த தாவரங்கள் யாவும் அதனுள் அடங்கின. பனையும் தென்னையும் மாவும் இன்று விஞ்ஞான நூல்களிற் கொண்டிருக்கும் பெயர்கள் அந்நூலில் அமைந்தவையே. 1905இல் வியன்னா நகரிற் கூடிய தாவரவியலாளர் மாநாடு, தாவரங்களின் விஞ்ஞானப் பெயர்கள் இந்நூலிலிருந்தே தொடங்கும் என விதித்தது.

இந்நூலிலேதான் அவர் உலகத் தாவரங்களின் மொத்தத் தொகையையும் மதிப்பிட்டார். மக்கள் எண்ணுவதிலும் அது மிகக் குறைவானது, பதினாயிரத்தை அரிதிலும் அரிதாகவே எட்டும் என்பது அவர் முடிபு. அவர் நோக்கில் இது வெறும் ஊகமன்று. முன்னோரின் பட்டியல்களில் ஒன்றே பலவாக எண்ணப்பட்டிருக்கக் கண்டவர் அவர். குப்பையை நீக்குந்தோறும் தொகை குறைவதையே அவர் அனுபவம் காட்டியது. அன்றியும், ஆதியிலே இறைவன் படைத்த இனங்கள் எத்தனையோ அத்தனையே இன்றும் உள்ளன, கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்பது அக்காலத்து அவருடைய உறுதியான கொள்கை. தொகை நிலையானது, ஆதலால் எண்ணி முடிக்கத்தக்கது, பாதிக்கு மேல் எண்ணி முடிந்துவிட்டது. இந்நம்பிக்கை இல்லாதிருந்தால் தனிமனிதர் ஒருவர் அவ்வேலையைத் தொடங்கியே இருக்கமாட்டார். தவறான எண்ணொன்று பெருஞ்செயல் ஒன்றுக்கு ஊன்றுகோலாயிற்று.

மாணவர் பயணம்

எஞ்சியவற்றைத் தேட அவர் தம் மாணவரைத் திசைதோறும் அனுப்பினார். அவர்களுட் பதினேழு பேரை அப்போஸ்தலர் என வழங்குவர். முதலிற் சீனத்தை நோக்கிப் புறப்பட்ட தார்ன்ஸ்ட்ரோம் 1746இல் வழியிலேயே ஒரு தீவில் மாண்டார். அவருடைய மனைவி லின்னேயஸைக் குறைகூறினார். அதன்பின் மணமாகாத இளைஞரையே அவர் தெரிந்தனுப்பினார். ஹசெல்குவிஸ்ட் புனித நாடுகளிற் செடி சேர்த்து, 1752இல் ஸ்மிர்னா நகர்க்கு அண்மையில் மாண்டார்; கடன்காரர் பிடித்துவைத்த அவருடைய சேகரத்தைச் சுவீடனின் அரசி பணம் கொடுத்து மீட்டார். லோப்லிங் 1756இல் தென் அமெரிக்காவிலும், போர்ஸ்கோல் 1763இல் யேமனிலும் உயிர்நீத்தனர். ஏட்டிலே ஒரு வரி கூடுவதற்கு ஒரு தாயின் மகன் திரும்பாதிருக்க நேர்ந்தது. லின்னேயஸ் அவர்களுக்காக வருந்தினார். அவர்தம் நூல்களை அச்சிட்டார். செடிகளுக்கு அவர்கள் பெயரை இட்டார். எனினும் அனுப்புவதை நிறுத்தவில்லை. அவர் வாழ்க்கையில் நம் மனம் தயங்கும் இடம் இது.

அவரிடம் கற்றவருள் ஒருவரான யொஹான் கேனிக் 1768இல் தமிழ்நாட்டுத் தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்து, தென்னாட்டுச் செடிகளை உப்சாலாவுக்கு அனுப்பினார். யப்பான் சென்ற துன்பெர்க் திரும்பும் வழியில் 1777இல் இலங்கையில் இறங்கி, சில மாதங்கள் தங்கிச் செடி சேர்த்தார்.

சொலாண்டர் என்னும் மாணவர் ஜோசப் பாங்ஸ் என்பவருடன் கப்டன் குக்கின் கப்பலிற் சென்று 1771இல் இலண்டன் மீண்டார். ஏறக்குறைய 30,000 உலர்செடிகள் அக்கப்பலில் வந்தன. அவற்றுள் ஏறக்குறைய 1,400 இனங்கள் விஞ்ஞானத்துக்குப் புதியவை. ஒரே கப்பலில் 1,400! பதினாயிரம் என்னும் தொகை அங்கேயே ஆட்டங்கண்டது. அவற்றைக் காணவேண்டுமென்று முதியவர் துடித்தார். இலண்டனிலுள்ள நண்பர்க்கு எழுதிப் புலம்பினார். சேகரம் அவரிடம் வரவில்லை.

ஐயம் தோன்றுதல்

தொகையின் பெருக்கத்திலும் ஆழமான வேறோர் இடையூறு முன்னரே அவர் வீட்டு வாயிலுக்கு வந்திருந்தது. 1742இல் ஸ்டொக்ஹோமுக்கு அண்மையிலுள்ள தீவொன்றில் ஒரு மாணவர் விந்தையான செடியொன்றைப் பறித்தார். இலையும் தண்டும் நாடறிந்த காட்டுச் செடியொன்றினுடையவை. பூவோ முற்றும் வேறு. ஒரு வால் இருக்கவேண்டிய பூவில் ஐந்து வால்கள் சமச்சீராக நின்றன. யாரோ பூவை ஒட்டிவைத்து ஏமாற்றுகின்றனர் என்றே லின்னேயஸ் முதலில் ஐயுற்றார். உண்மையெனக் கண்டபின் திடுக்கிட்டார். விந்தைப் பிறவி என்னும் பொருள்பட அதற்குப் பெலோரியா எனப் பெயரிட்டு, 1744இல் ஆராய்ச்சி உரையொன்றும் வெளியிட்டார். பழைய இனத்திலிருந்து புதியது பிறக்குமாயின், ஆதியிலே படைத்த தொகை நிலையானது என்னும் கொள்கை என்னாவது?

அவர் இவ்வினாவைப் புறந்தள்ளவில்லை. ஆதியிற் படைக்கப்பட்டவை சாதிகளே, அவை தம்முட் கலந்து இனங்கள் பலவாயின என்று 1762இல் எழுதினார். இரண்டாண்டின் பின் இன்னும் ஒருபடி மேலேறி, ஆதியில் இருந்தவை சில பெருங் கூட்டங்களே எனக் கருதினார். ‘இயற்கையின் ஒழுங்கமைப்பு’ நூலின் இறுதிப் பதிப்பில், புதிய இனங்கள் தோன்றுவதில்லை என்னும் பழைய கூற்றை நீக்கிவிட்டார். பரிணாமக் கொள்கையை அவர் கண்டார் என்பது மிகையாகும். எனினும், தம் வாழ்நாட் கட்டடத்தின் மூலைக்கல்லைத் தாமே அசைத்துப் பார்க்கும் துணிவு அவரிடம் இருந்தது. அந்தப் பெலோரியாவின் மர்மம் 1999இலேதான் விளங்கியது. பரம்பரையலகின் எழுத்து மாறாமலே அதன் தொழில் அடங்கிவிட்டது என இங்கிலாந்திலே ஆராய்ச்சியாளர் கண்டனர்.

இறுதிக்காலம்

சுவீடன் அரசு அவர்க்குப் பிரபுப் பட்டமளித்தது. கார்ல் பொன் லின்னே என்பது பின்னைய பெயர். உப்சாலாவுக்கு அண்மையிலுள்ள ஹம்மர்பி என்னும் பண்ணையை 1758இல் வாங்கி, கோடைகாலத்தை அங்கு கழித்தார். புகழில் அவருக்குக் கூச்சமில்லை. தம் பெருமையைத் தாமே எழுதிவைத்தார். 1774இல் வாதநோய் தாக்கியது; இரண்டாண்டின் பின் மீண்டும் தாக்கியது. தந்தையின் கண்டிப்பால் இளமையிலே பெயர்களை நினைவில் நிறுத்தப் பழகியவர், முதுமையிலே தம் பெயரையே மறந்துபோனார் என்று கூறுவர். 1778 சனவரி 10ஆம் தேதி அவர் உயிர் பிரிந்தது. உப்சாலாப் பேராலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். துன்பெர்க் அப்பொழுது இலங்கையிலே செடி சேர்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியருக்கென அவர் கொண்டுசென்ற தொகுதியை அவ்வாசிரியர் காணவில்லை.

மகனும் 1783இல் இறக்க, நூல்களையும் உலர்செடிகளையும் மனைவியார் 1784இல் ஸ்மித் என்னும் ஆங்கில இளைஞருக்கு ஆயிரம் கினிக்கு விற்றார். 1788இல் இலண்டனில் நிறுவப்பெற்ற லின்னேயன் சங்கத்தின் பாதுகாப்பில் அவை இன்று உள்ளன. ஹெர்மனின் இலங்கைத் தொகுதிகளும் இலண்டனிலுள்ள இயற்கை வரலாற்று நூதனசாலையை அடைந்தன. பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த ஹென்றி திரைமன் அவற்றை மீண்டும் ஆராய்ந்து, லின்னேயஸ் குறித்த இலங்கைச் செடிகள் எவையென 1887இற் கட்டுரை எழுதினார்.

இன்றைய கணக்கு

அவருக்குப் பின் இரு தொகைகளும் வளர்ந்தன. 1789இல் பிரான்சியரான ஜூசியூ இயற்கைமுறைப்படி தாவரங்களை நூறு குடும்பங்களாக வகுத்தார். பெந்தாமும் ஹூக்கரும் 1862 முதல் 1883 வரை உழைத்து, பூக்குந் தாவரங்களை இருநூறளவான குடும்பங்களிலும் 7,500க்கு மேற்பட்ட சாதிகளிலும் அடக்கி, இனங்கள் ஏறக்குறைய 97,000 என மதிப்பிட்டனர். பரம்பரையலகுகளை ஒப்புநோக்கி உலக அறிஞர் குழு 2016இல் வெளியிட்ட பாகுபாட்டிற் பூக்குந் தாவரக் குடும்பங்கள் 416. இலண்டன் கியூப் பூங்காவின் அறிஞர் 2021இல் வெளியிட்ட பட்டியல், பன்னங்களையும் பூக்குந் தாவரங்களையும் சேர்த்து ஏறக்குறைய 3,43,000 இனங்களை ஏற்கின்றது. லின்னேயஸின் மதிப்பீட்டைப்போல் அது முப்பத்துநான்கு மடங்கு. ஆண்டுதோறும் ஏறக்குறைய 2,000 புதிய இனங்கள் விவரிக்கப்படுகின்றன.

ஆயினும் அப்பட்டியலில் வேறோர் எண்ணும் உண்டு. அவ்வினங்களுக்கு இதுவரை இடப்பட்ட பெயர்கள் 13,80,000க்கு மேற்பட்டவை. அஃதாவது ஒவ்வோர் இனத்துக்கும் சராசரி நான்கு பெயர்கள். புதியதைச் சேர்ப்பது பாதி வேலை. ஒன்றே பலவாக எண்ணப்பட்டதைக் களைவது மறுபாதி. தூர்னபோரின் பட்டியலை வைத்துக்கொண்டு லின்னேயஸ் செய்த அதே வேலையை இன்றைய அறிஞரும் செய்துகொண்டிருக்கின்றனர். அவரது செயற்கை வகுப்புக்கள் இருபத்துநான்கும் மறைந்தன. நெல்லும் கோதுமையும் ஒரே குடும்பத்தில் மீண்டும் சேர்ந்தன. எனினும் மூன்றரை இலட்சம் இனங்களை ஒருவரோடொருவர் மயக்கமின்றிப் பேசிக்கொள்வதற்கு அவர் அமைத்த இருசொற் பெயரே உதவுகின்றது. இனம், சாதி என்னும் படிகளும் அழியவில்லை.

முழுத்தொகையை யாரும் இன்னும் கண்டிலர். பல இனங்கள் பெயர் பெறுமுன்னரே காட்டோடு அழிந்தும் போகின்றன. பெயரில்லாதது கணக்கில் வராது. கணக்கில் வராதது அழிந்தாலும் அறியப்படாது. ஆகவே செடியொன்றுக்குச் சரியான பெயரிடுவது அதனைக் காப்பதற்கு முதற்படியாகும். மாணவரைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று ஒரு பூவைக் கையிற் கொடுத்து, அதன் கேசரங்களை எண்ணச் சொல்லும் ஆசிரியர் ஒவ்வொருவரும் லின்னேயஸ் தொடங்கிய கணக்கையே தொடர்ந்து எழுதுகின்றார்.